அம்மாவுக்குத் தெரிகிற பிள்ளைகள்

கேள்வி:

என் அம்மாவுக்கு 74 வயது. நிலாவெளியில் என்னோடு இருக்கிறார். இரண்டு கண்ணிலும் குளுக்கோமா என்ற கண் அழுத்த நோய். வலது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும், இடது கண்ணில் முன்னால் கை அசைத்தால் தெரியும். நான்கு மாதமாக, பின்னேரங்களில் முற்றத்து முருங்கைக்குக் கீழே சின்னப் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள் என்கிறார். சிவப்பும் மஞ்சளுமாக உடுப்பு, தலையில் தொப்பி. ஒரு சத்தமும் இல்லையாம். யார் என்று கேட்டால் தெரியாத முகங்கள் என்கிறார். சட்டைப் பொத்தான் கூடத் தெரிகிறதாம், ஆனால் பக்கத்தில் இருக்கிற என் முகம் அவருக்குத் தெரியாது. சில நாட்களில் வெறும் சுவரில் செங்கல் அடுக்கியது போலக் கோடுகள். மற்றபடி நினைவு நன்றாக இருக்கிறது. சீட்டுக் காசு யார் யார் தர வேண்டும் என்று விரல் விட்டுச் சொல்வார். 2004 சுனாமியில் என் தம்பியை இழந்தோம். அயலில் சிலர், கடல் கொண்டுபோன பிள்ளைகள்தான் வந்து நிற்கின்றன, நூல் கட்ட ஆளைக் கூட்டி வா என்கிறார்கள். கனடாவில் இருக்கும் அண்ணா, மனநல வைத்தியரிடம் காட்டு என்கிறார். அம்மா ஒரு கிழமையாக இதைப் பற்றிக் கதைப்பதையே விட்டுவிட்டார். அந்தப் பக்கம் பார்ப்பதை மட்டும் விடவில்லை. அவருக்குப் பைத்தியமா, டொக்டர்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அதை நினைத்துத்தான் நீங்கள் நித்திரை இல்லாமல் இருப்பீர்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் அம்மாவுக்குப் பைத்தியம் இல்லை.

கடிதத்தை மட்டும் வைத்து எந்த வைத்தியரும் முடிவு கட்டக் கூடாது, அம்மாவைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனாலும் நீங்கள் கவனமாக எழுதியிருக்கிற பல விஷயங்கள் ஒரே திசையைக் காட்டுகின்றன. இரண்டு கண்ணிலும் பார்வை வெகுவாகப் போய்விட்டது. தெரிகிற உருவங்கள் பேசுவதில்லை. முகங்கள் தெரிந்த முகங்கள் இல்லை. விசித்திரமான உடுப்பு, தொப்பி. சுவரில் செங்கல் கோடு. பின்னேர மங்கலில் வருகின்றன. நினைவும் கணக்கும் பிசகவில்லை. இவ்வளவும் சேர்ந்து வந்தால், எங்களைப் போன்ற கண் வைத்தியர்கள் முதலில் நினைப்பது சார்ள்ஸ் பொனே நிலை என்ற ஒன்றை.

பொனே என்பவர் சுவிற்சர்லாந்தின் ஜெனீவா நகரத்து இயற்கை ஆய்வாளர். அவருடைய தாத்தா சார்ள்ஸ் லுலின் கண்புரையால் பார்வை மங்கிப்போன முதியவர். அந்தத் தாத்தாவுக்கு மனிதர்களும் பறவைகளும் வண்டிகளும் கட்டடங்களும் இல்லாத இடத்தில் தெரிந்தன. புத்தி நல்ல தெளிவு. தெரிகிறவை உண்மை இல்லை என்பதும் அவருக்கே தெரியும். பேரன் அதைக் கேட்டு, பயப்படாமல், 1760 இல் எழுதி வைத்தார். வயது போனபோது பொனேக்கும் கண் மங்கியது, அவருக்கும் இதே மாதிரிக் காட்சிகள் வந்தன. உங்கள் அம்மா முருங்கைக்குக் கீழே பார்ப்பது இரண்டரை நூற்றாண்டுக்கு மேலாக வைத்தியம் அறிந்த விஷயம். பார்வையைக் கணிசமாக இழந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது வருகிறது. அதைவிட அதிகம் என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. நம் ஊரில் கேள்விப்படாததற்குக் காரணம், வருகிறவர்கள் உங்கள் அம்மாவைப் போல வாயை மூடிக்கொள்வதுதான்.

சரி, கண் தெரியாதவருக்கு எப்படிப் பொத்தான் தெரிகிறது? இதை விளங்கிக்கொண்டால் பயத்தில் பாதி போய்விடும். அதனால் கொஞ்சம் நேரம் எடுத்துச் சொல்கிறேன். ஒரு சின்னச் சோதனையையும் செய்து பாருங்கள்.

பிள்ளைகளின் கொப்பி ஒன்றை எடுங்கள், கோடு போட்ட கொப்பியாக இருக்கட்டும். ஒரு கோட்டின் மேல் பேனையால் சின்னதாக ஒரு கூட்டல் அடையாளம் போடுங்கள். அதே கோட்டில் அதற்கு வலப்பக்கம் எட்டு சென்ரிமீற்றர் தள்ளி, ஒரு மஞ்சாடி விதை அளவுக்குக் கறுப்புப் பொட்டு ஒன்று வையுங்கள். இடது கண்ணைக் கையால் மூடி, வலது கண்ணால் கூட்டலை மட்டும் பாருங்கள். பொட்டைப் பார்க்கக் கூடாது. கொப்பியை ஒரு அடி தூரத்தில் பிடித்து, மெல்ல முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஓரிடத்தில் பொட்டு காணாமல் போய்விடும்.

காணாமல் போனது பெரிய விஷயம் இல்லை. கண்ணுக்குப் பின்னால் நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் கலங்கள் இல்லை, அந்த இடத்தில் எதுவும் தெரியாது. 17ஆம் நூற்றாண்டில் மரியோட் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டுபிடித்தது இது. அந்தப் பொட்டு இருந்த இடத்தில் இப்போது என்ன தெரிகிறது என்று கவனியுங்கள். ஓட்டையா? கறுப்பா? இல்லை. வெள்ளைத் தாள் தெரியும், கொப்பியின் நீலக் கோடு அறுபடாமல் அந்த இடத்தைக் கடந்து ஓடும். அந்தக் கோட்டுத் துண்டை உங்கள் கண் பார்க்கவே இல்லை. மூளை அக்கம்பக்கத்தைப் பார்த்து, இங்கேயும் கோடுதான் இருக்கும் என்று தானே வரைந்துவிட்டது. உங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, சொல்லவும் இல்லை. பிறந்த நாள் முதல் இரண்டு கண்ணிலும் அப்படி ஓர் இடத்தோடுதான் நாமெல்லாம் இருக்கிறோம். சுகமான கண்ணும் சுகமான மூளையும் உள்ள உங்களுக்கே இல்லாத ஒன்று தெரிகிறது, சகோதரி. அளவுதான் வித்தியாசம்.

மூளை இருட்டுக்குள் இருக்கிறது. மண்டையோட்டுக்குள் ஒளி போவதில்லை, சத்தமும் போவதில்லை. ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஏறத்தாழ பத்து லட்சம் நரம்பு இழைகள் வழியாக மின் துடிப்புகள்தான் போகின்றன. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள்: நாம் துல்லியமாகப் பார்ப்பது ஏறக்குறைய அந்த அகலத்தை மட்டும்தான். மிச்சமெல்லாம் மங்கல். அந்தத் துடிப்புகளை வைத்து, முன்பு பார்த்தவற்றோடு ஒப்பிட்டு, வெளியே இருப்பது இதுவாகத்தான் இருக்கும் என்று மூளை ஊகிக்கிறது. அந்த ஊகம்தான் நமக்குக் காட்சி. 19ஆம் நூற்றாண்டில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் இதை நாம் அறியாமலே நடக்கும் ஊகம் என்றார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று நம் ஆட்கள் சொல்லி வைத்ததும் இதைத்தான்: கண்ணுக்குப் போனது இருட்டு, பேயைச் சேர்த்தது உள்ளே இருந்த பயம்.

கண்ணிலிருந்து வரும் நரம்பு மூளையின் நடுவில் ஓர் இடைத்தங்கல் இடத்தில் நின்றுதான் பின்மண்டைக்குப் போகிறது. அந்த இடத்துக்குக் கண்ணிலிருந்து வந்து சேரும் இணைப்புகள் கொஞ்சம். மூளையின் மேற்பகுதியிலிருந்து கீழே இறங்கி வந்து சேரும் இணைப்புகள் அதைவிடப் பல மடங்கு. நான் படித்த காலத்தில் இதை முதலில் கேட்டபோது ஆசிரியர் மாற்றிச் சொல்லிவிட்டாரோ என்று நினைத்தேன். பார்ப்பது என்றால் உள்ளே வருவது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

கண் மட்டும் இப்படி இல்லை. நீங்கள் கன்னியா வெந்நீரூற்றில் எத்தனையோ தரம் குளித்திருப்பீர்கள். ஏழு கிணறும் அருகருகே, சூடு ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும். முதல் வாளியைத் தலையில் ஊற்றும்போது தாங்க முடியாமல் இருக்கும், நாலாவது வாளிக்கு அதே தண்ணீர் இதமாகிவிடும். அடுத்த முறை போகும்போது ஒரு கையைச் சூடு கூடிய தண்ணீரிலும் மறு கையைப் பச்சைத் தண்ணீரிலும் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் ஒரே வாளி இளஞ்சூட்டுத் தண்ணீரில் வையுங்கள். ஒரு கை குளிர் என்னும், மறு கை சூடு என்னும். ஒரே வாளி. ஆங்கில அறிஞர் ஜோன் லொக் 17ஆம் நூற்றாண்டிலேயே இதை எழுதி வைத்திருக்கிறார். தோல் வெப்பமானி போல அளப்பதில்லை, மாற்றத்தைத்தான் சொல்கிறது. கருவாட்டு வாடிக்குள் நுழைகிறவருக்கு மூக்கைப் பொத்த வேண்டும், அங்கேயே வேலை செய்கிறவருக்கு ஒரு மணமும் இல்லை. அதுவும் இதே கதைதான்.

இப்போது அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். ஊகிக்கவே பழகிய மூளைக்குக் கண்ணிலிருந்து வரும் செய்தி நின்றுபோனால் என்ன ஆகும்? வேலை நின்றுவிடும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நிற்பதில்லை. 70 வருடம் படம் செய்து பழகிய பகுதி சரக்கு வராவிட்டாலும் தானாக இயங்கத் தொடங்குகிறது. கண்ணிலிருந்து வருகிற செய்திதான், இல்லை, அங்கே ஒன்றும் இல்லை என்று திருத்திக்கொண்டிருந்தது. திருத்துகிற குரல் அடங்கினால், மூளை வரைவது அப்படியே காட்சியாகிவிடும்.

இது வெறும் கருத்து இல்லை. 2004 இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நல்ல பார்வை உள்ள 13 பேரின் கண்களை ஐந்து நாட்கள் கட்டி வைத்தார்கள். நோய் நொடி இல்லாத ஆட்கள். அவர்களில் 10 பேருக்கு வெளிச்சப் புள்ளிகளும், சிலருக்கு முகங்களும் நிலக்காட்சிகளும் கட்டடங்களும் தெரிந்தன. கட்டை அவிழ்த்த பிறகு நின்றுவிட்டன. லண்டனில் டொமினிக் ஃபிட்ச் என்ற மருத்துவரும் கூட இருந்தவர்களும் 1998 இல் வேறொன்று செய்தார்கள். உங்கள் அம்மாவைப் போன்றவர்களை ஸ்கேன் கருவிக்குள் படுக்க வைத்து, காட்சி தெரியும் நேரத்தில் சொல்லச் சொன்னார்கள். நிறம் தெரிந்தபோது மூளையில் நிறத்தைக் கவனிக்கும் பகுதி இயங்கியது, முகம் தெரிந்தபோது முகத்தைக் கவனிக்கும் பகுதி இயங்கியது. அதாவது அவர்கள் கற்பனை பண்ணவில்லை, பொய் சொல்லவில்லை. தெரிகிறது என்று அவர்கள் சொன்னபோது மூளையைப் பொறுத்தவரை உண்மையாகவே தெரிந்தது.

பொத்தான் தெரிகிறது, உங்கள் முகம் தெரியவில்லை என்று எழுதினீர்களே, கடிதத்தில் எனக்கு ஆகக் கூடுதலாக வலித்த வரி அதுதான். அதற்கும் விளக்கம் இங்கேதான் இருக்கிறது. உங்கள் முகம் அம்மாவின் பழுதுபட்ட கண் வழியாகப் போக வேண்டும். அந்தப் பிள்ளைகள் கண் வழியாகப் போகவில்லை. அதனால்தான் அவர்கள் அவ்வளவு துலக்கம். அம்மாவுக்கு அந்தப் பிள்ளைகள் மேல் உங்களைவிடக் கவனம் என்று தயவுசெய்து எண்ண வேண்டாம்.

காது மந்தமானவர்களுக்குக் காதுக்குள் இரைச்சல் கேட்பதும் பெரும்பாலும் இதைப் போன்றதுதான். யுத்த காலத்தில் கால் இழந்தவர்கள் நம் மாவட்டத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். இல்லாத காலின் பெருவிரல் கடிக்கிறது, பாதம் முறுக்குகிறது என்று அவர்களில் பலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அவர்களை யாரும் பைத்தியம் என்பதில்லை, பேய் பிடித்தது என்பதும் இல்லை. கால் போனாலும் மூளைக்குள் அந்தக் காலுக்கான இடம் அப்படியே இருக்கிறது. தமிழ்நாட்டில் பிறந்த டொக்டர் வி. எஸ். ராமச்சந்திரன் ஒரு சாதாரண கண்ணாடிப் பெட்டியை வைத்து, இருக்கிற கையின் பிம்பத்தை இல்லாத கையின் இடத்தில் காட்டி, சிலருடைய வலியைக் குறைத்துக் காட்டினார். இழந்த காலுக்கு வலித்தால் இரங்குகிறோம். இழந்த பார்வைக்குப் படம் தெரிந்தால் மட்டும் ஏன் நூல் கட்டப் பார்க்கிறோம்?

இதை நான் இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. பயிற்சி வைத்தியராக வேறோர் ஊரில் இருந்த காலம். கடற்றொழில் செய்த ஒரு ஐயா, உங்கள் அம்மாவைப் போலவே குளுக்கோமா. சுவரில் பாய் விரித்த வள்ளங்கள் ஓடுகின்றன என்றார். வெளியே இன்னும் நாற்பது பேர் காத்திருக்க, நான் ஒரு கேள்வி கூடக் கேட்காமல், மனநலப் பிரிவுக்கு ஒரு துண்டு எழுதிக் கையில் கொடுத்துவிட்டேன். அவர் அங்கேயும் போகவில்லை, எங்கள் கிளினிக்குக்கும் பிறகு வரவில்லை. சொட்டு மருந்தும் நின்றது. ஒரு வருடம் கழித்து மகள் கையைப் பிடித்துக் கூட்டி வந்தபோது, மிச்சமிருந்த கண்ணும் போய்விட்டிருந்தது. குளுக்கோமாவில் போன பார்வை திரும்பாது. அன்றைக்குத்தான் பக்கத்தில் இருந்து கேட்டேன். அவர் சொன்னார்: "டொக்டர் தம்பி, அந்த வள்ளங்கள் ஓடும், ஆனா தண்ணி கிழியாது. அம்பது வருசம் கடல்ல நிண்ட எனக்கு அது விளங்காதா? பொய் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் கேட்டிருந்தா சொல்லியிருப்பன்."

நான் கேட்கவில்லை. அந்த மனிதரின் கண்ணுக்கு நான் பதில் சொல்ல வேண்டியவன். அன்று முதல் பார்வை குறைந்த ஒவ்வொருவரிடமும் நானாகவே கேட்கிறேன்: இல்லாதது ஏதும் தெரிகிறதா ஐயா, தெரிகிறதா அம்மா? சிலர் அழுதுவிடுகிறார்கள். இவ்வளவு நாளும் வீட்டில் சொல்லாமல் வைத்திருந்தது அது.

உங்கள் தம்பியைப் பற்றி. 26.12.2004 இல் நிலாவெளிக் கரையில் என்ன நடந்தது என்று இங்கே யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இறந்துபோனவரின் குரல் கேட்பது, வாசலில் நின்றது போலத் தெரிவது, துயரத்தில் இருக்கும் பலருக்கு நடக்கிறது, அதுவும் பைத்தியம் இல்லை. ஆனால் அப்படி வரும்போது வருவது அவரவர் பிள்ளை. அம்மாவே சொல்கிறார், தெரியாத முகங்கள், தொப்பி போட்ட பிள்ளைகள் என்று. இந்த நிலையில் தெரியும் உருவங்கள் பெரும்பாலும் இப்படித்தான், யாரென்று தெரியாதவர்களாக இருக்கும். அயலார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் சொன்னது ஒரு தாயின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். என் பிள்ளை இவ்வளவு காலமும் போக இடமின்றி அலைகிறதா என்று விழுந்திருக்கும். அம்மா வாயை மூடிக்கொண்டதற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் படுகிறது. இன்றைக்கே பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவிடம் சொல்லுங்கள்: அது தம்பி இல்லை அம்மா, அது கண் வருத்தம், நிறையப் பேருக்கு வருகிறது, டொக்டர் எழுதியிருக்கிறார் என்று. பலருக்கு இந்த ஒரு விளக்கமே பெரிய மருந்து.

அப்புறம், வீட்டில் செய்யக்கூடியவை. பிள்ளைகள் வருவது பின்னேர மங்கலில், அம்மா தனியே விறாந்தையில் இருக்கும்போது. அப்படியானால் பொழுது சாயுமுன்பே விறாந்தை லைட்டைப் போடுங்கள், கதிரையைச் சமையலறைப் பக்கம், ஆட்கள் நடமாடும் இடத்துக்கு மாற்றுங்கள், ரேடியோ ஓடட்டும். மூளைக்கு வேறு செய்தி கிடைக்கக் கிடைக்க இது குறையும். காட்சி தெரியும்போது தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் இடமும் வலமுமாகச் சில தரம் வேகமாக ஓட்டச் சொல்லுங்கள். சிலருக்கு அதில் கலைந்துவிடும். கண்ணைச் சிமிட்டுவது, எழுந்து இரண்டு அடி நடப்பது, கையை நீட்டித் தொட்டுப் பார்ப்பது, எது உதவுகிறதோ அது. எல்லோருக்கும் ஒன்றே பலிப்பதில்லை. நித்திரை நன்றாகக் கிடைத்தால் குறையும். சிலருக்கு ஒன்று, ஒன்றரை வருடத்தில் தானாக அடங்கிவிடும். பலருக்குப் பல வருடம் இருக்கும், ஆனால் அப்போது பெரும்பாலும் பயம் போய்ப் பழக்கமாகியிருக்கும்.

ஒரு ஆபத்தை மட்டும் சொல்ல வேண்டும். இல்லாததை உண்மை என்று எண்ணுவதைவிட, உண்மையை இல்லாதது என்று எண்ணுவது சில வேளை மோசம். ஒழுங்கையில் நிஜமாகவே ஒரு சைக்கிள் வரும், அம்மா அது வெறும் தோற்றம் என்று நடந்துவிடுவார். கிணற்றடிக்கும் தெருவுக்கும் தனியே விட வேண்டாம். சத்தம் வருகிறதா என்று கேட்கப் பழக்குங்கள். நிஜப் பிள்ளைகள் நிச்சயம் சத்தம் போடுவார்கள்.

அண்ணா சொல்வதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, அவரோடு கோபிக்க வேண்டாம். எல்லாத் தோற்றமும் கண்ணால் வருவதில்லை. உருவங்கள் பேசத் தொடங்கினால், கட்டளை போட்டால், அவை உண்மைதான் என்று அம்மா நம்பித் தேநீர் வைக்கப் போனால், நினைவு தடுமாறினால், கை நடுங்கி நடை குறுகினால், நித்திரையில் கத்திக் கை காலை அடித்தால், அது வேறு நோயாக இருக்கலாம். மூளை நரம்பு வைத்தியரோ மனநல வைத்தியரோ பார்க்க வேண்டும். திடீரென்று ஒரு நாளில் குழம்பிப்போய், ஆளும் நேரமும் தெரியாமல், காய்ச்சலோடோ சிறுநீர் எரிவோடோ இருந்தால் அன்றைக்கே வைத்தியசாலை. வாய் கோணினாலோ ஒரு பக்கம் கை கால் விழுந்தாலோ ஒரு நிமிடமும் பொறுக்காதீர்கள். மனநல வைத்தியரிடம் போவது அவமானம் என்று நான் நினைக்கவில்லை. அந்த ஐயாவுக்கு நான் செய்த பிழை அங்கே அனுப்பியது இல்லை, கேட்காமல் அனுப்பியது.

நூல் கட்டுவதைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். கோணேசர் கோயிலுக்குக் கூட்டிப்போய் அம்மா கும்பிட்டுவிட்டு வந்தால் அவருக்கு ஆறுதல், நானும் சந்தோஷப்படுவேன். ஆனால் புகை போடுகிறேன், பட்டினி போடுகிறேன், அடித்து விரட்டுகிறேன் என்று வருகிற எவரையும் வாசலுக்குள் விடாதீர்கள். இலைச் சாறு, தாய்ப்பால், எண்ணெய், எதுவும் கண்ணில் விட வேண்டாம். சொட்டு மருந்தை ஒரு வேளையும் தவற விடாதீர்கள். இடது கண்ணில் மிச்சமிருக்கிற அந்தக் கொஞ்சப் பார்வையைக் காப்பது அதுதான்.

அடுத்த கிளினிக் நாள் எப்போது என்று பாருங்கள், ஒரு மாதத்துக்கு மேல் இருந்தால் முன்னதாகவே வாருங்கள். குளுக்கோமாவோடு கண்புரையும் இருக்கிறதா, எடுத்தால் கொஞ்சம் வெளிச்சம் கூடுமா என்று பார்க்க வேண்டும். கிளினிக் கொப்பியையும், அம்மா பாவிக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள்: பிரசர் குளிசை, சீனி வருத்தக் குளிசை, நித்திரைக் குளிசை, கண் சொட்டு எல்லாம். சில மருந்துகளும் அரிதாக இப்படிக் காட்சிகளைக் காட்டும். அதற்காக நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். அதுவரை ஒரு கொப்பியில் தினமும் இரண்டு வரி எழுதுங்கள்: எத்தனை மணிக்கு வந்தார்கள், லைட் எரிந்ததா, எவ்வளவு நேரம் நின்றார்கள், என்ன நிற உடுப்பு. எழுதுவது நீங்கள், சொல்ல வேண்டியது அம்மா. பிள்ளைகள் வந்துவிட்டார்களா அம்மா என்று நீங்களே கேட்டுத் தொடங்குங்கள்.